இரும்பு நாக்கு அரிசி டின்னில் இருக்கிறது

அன்பு மகன் பிரபுவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரிப்பதானால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரி. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். இருந்தும் வரி ஒவ்வொன்றும் அல்சூர் மார்க்கெட் கூட்டத்தில் நுழைந்த ஆட்டோ மாதிரி இடித்துக்கொண்டும் ஒதுங்கிக்கொண்டும் போகிறது. பாதி காரணம், இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டது. மீதிக் காரணம் உனக்குத் தெரியும். ஆள்காட்டி விரலும் நடு விரலும் இல்லாத கையில் பேனா நிற்பதே பெரிய விஷயம். சர்ச் ஹாலில் எங்களுக்குச் சொல்லித்தரும் ரீட்டா டீச்சர், இடது கையால் முயற்சி செய்யுங்களேன் என்று பல தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் பேனாவைச் செருகிக்கொண்டு வலது கையால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அந்தக் கைதான் எழுத வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "ஆயிடுச்சுப்பா, லைன்ல கூப்பிடுறாங்க, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் நீ திரும்பி வரும்வரை காத்திருக்கும். இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். மேலே உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தோடு இந்த விஷயத்தையும் எழுத வேண்டியிருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ தேடிக்கொண்டிருக்கும் அந்த இரும்பு நாக்கு வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நீ தூங்கியபோது உன் சாவி வளையத்திலிருந்து நான்தான் கழற்றினேன். திங்கட்கிழமை நீ போன் செய்து, "அப்பா, கட்டிலுக்குக் கீழ விழுந்திருக்கா பாரேன்" என்றபோது, குனிந்துகூடப் பார்க்காமல் இல்லை என்று சொன்னேன். பொய். உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு இப்ப பொய்யும் கத்துக்கிட்டாரு உங்கப்பா" என்றாள். உனக்குக் கேட்டிருக்காது. நீ அதற்குள் வைத்துவிட்டாய்.

ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் முகம் வேறு மாதிரி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ எப்படி வந்தாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. முதல் வாரம் குஷியாக வந்தாய். ஏசி ஹாலில் உட்கார வைத்து கிளாஸ் எடுத்தார்கள், ஷூவும் ஹெல்மெட்டும் பையும் கம்பெனி பெயர் போட்ட கப்பும் கொடுத்தார்கள், பாதுகாப்பைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார்கள், பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதினாய். அந்தக் கப்பில்தான் இப்போது நான் காபி குடிக்கிறேன். அப்புறம் உன்னை மெஷின்கள் ஓடும் லைனில் விட்டார்கள். அங்கே உன் பெயரை யாரும் கேட்கவில்லை. "ஏய் டிரெய்னி" என்றார்கள். கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு போனால், இந்த இடத்துக்கு ஆள் வருது என்றார்கள். பேனல் பெட்டியில் எந்த ஒயர் எதற்கு என்று கேட்டால், கிளாஸில் சொல்லித்தரவில்லையா என்று சிரித்தார்கள். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவன் வருவதைக் குறைத்தாய். வந்தாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "என்னடா, யாராவது திட்டினாங்களா?" என்று அம்மா கேட்டாள். "திட்டினாக்கூடப் பரவாயில்லம்மா, பேசவே மாட்டேங்குறாங்க" என்றாய். அம்மா உன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

அப்படி இருந்தவன் இந்த ஞாயிறு சாவி வளையத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தாய். சாவிகளுக்கு நடுவில் ஒரு தட்டையான இரும்புத் துண்டு. "எந்த வீட்டுச் சாவிடா இது?" என்றாள் அம்மா. "இது வீட்டுச் சாவி இல்லம்மா, எல்லார்கிட்டயும் இருக்காது" என்றாய். உட்கார்ந்து எங்களுக்கு விளக்கமாகச் சொன்னாய். பெரிய ரோபோ கை இரும்புச் சட்டங்களைத் தூக்கித் தூக்கி வைக்கும். அதைச் சுற்றி வேலி. வேலிக்கு ஒரு கதவு. கதவில் ஒரு இரும்பு நாக்கு. கதவை மூடினால் அந்த நாக்கு, கதவு நிலையில் உள்ள சுவிட்சுக்குள் போகும், அப்போதுதான் ரோபோ ஆடும். கதவைத் திறந்தால் நாக்கு வெளியே வந்துவிடும், ரோபோ நின்றுவிடும். நின்றதை மறுபடி ஓட்ட நேரமாகும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் உங்கள் டீமில் ஆளுக்கு ஒரு நாக்கு தனியாக வைத்திருக்கிறீர்கள். அதை சுவிட்சில் செருகிவிட்டால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக ரோபோ நினைத்துக்கொள்ளும். அது ஆடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய், சிக்கின சட்டத்தை எடுத்துவிட்டு வந்துவிடலாம். டீமில் மூத்தவரான கிரீஷண்ணா தன் நாக்கைக் கொடுத்து உன்னை ஒரு தடவை உள்ளே போகச் சொன்னாராம். போய் வந்தாயாம். எல்லாரும் கை தட்டினார்களாம். அவர் உன் தோளில் தட்டி, "இன்மேலே நீனு நம்மவனு, குரு" என்று கன்னடத்தில் சொல்லி, உனக்கென்று ஒன்றைக் கையில் கொடுத்தாராம். இனிமேல் நீ நம்ம ஆள், தம்பி என்று அர்த்தமாம். அன்றைக்கு கேன்டீனில் நகர்ந்து உட்கார்ந்து உனக்கு இடம் விட்டார்களாம். இதைச் சொல்லும்போது நீயும் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாய். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன்.

"உள்ள போறப்ப அது ஆடிக்கிட்டேதான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"ஆடும்பா. ஆனா அதுக்கு ஒரு தாளம் இருக்கு. பிடிச்சுக்கிட்டா பயமே இல்ல."

"தாளம் தப்பினா?"

"அது மனுசன் இல்லப்பா, புரோகிராம். தப்பாது. உன் காலம் வேற, இது வேற."

நீ அப்படிச் சொன்ன நேரம் என் வலது கை எங்கே இருந்தது தெரியுமா? மேஜைக்குக் கீழே, லுங்கி மடிப்புக்குள். நானாகக் கொண்டுபோய் வைக்கவில்லை. தானாகப் போயிருந்தது.

உனக்கு என் கையைத் தெரியும், என் கதையைத் தெரியாது. "அப்பாவ மெஷின் கடிச்சிடுச்சு" என்று சின்ன வயதில் உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். நாய் கடித்தது மாதிரி. நானும் அப்படியே விட்டுவிட்டேன். அடுகோடியில் நான் வேலை பார்த்த ஷெட்டில் வரிசையாக பிரஸ் மெஷின்கள். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும், கதவுக் கீலுக்கான துண்டு விழும். மெஷினுக்கு இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது. அவ்வளவு நல்ல யோசனை. சேர்ந்த அன்று முதலாளியே வந்து, "ரெண்டு கை, எப்பவும் ரெண்டு கை" என்று சொல்லிவிட்டுப் போனார். சுவரில் பலகையும் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படிக்கத் தெரியாததால் கெட்டேன் என்று நினைக்காதே. பலகையில் இரண்டு கை படமும் போட்டிருந்தது. எனக்கு நன்றாகவே புரிந்தது.

முதலாளி சொன்னபடி இரண்டு கையால் அடித்தால் கேட்ட கணக்கு வராது. மற்றவர்கள் சாயந்திரம் கை கழுவும்போது என் பெட்டி பாதி காலியாக இருக்கும். முதலாளி அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், மற்றவர்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்க மாட்டார். என்னை "ரெட்டைக்கை" என்று கூப்பிட்டார்கள். ரெட்டைக்கை, டீ வாங்கிட்டு வா. ரெட்டைக்கை, நகரு. அப்புறம் ஒருநாள் தங்கராஜ் அண்ணன், அவர்தான் அங்கே எல்லாருக்கும் மூத்தவர், என்னை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்துக் கொடுத்தார். அவரே உட்கார்ந்து செதுக்கி, எண்ணெய் தேய்த்து வழவழப்பாக்கியது. அதை ஒரு பட்டனில் செருகிவிட்டால் அந்தப் பட்டன் அழுந்தியே இருக்கும். ஒரு கை விடுதலை. அந்தக் கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். "மெஷினுக்கு ஒரு தாளம் இருக்குடா, அதப் பிடிச்சிக்கோ" என்றார். அன்றைக்குத்தான் என் ஊரைக் கேட்டார், பெயரைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை உன் வாயில் அதே தாளம் வந்ததும்தான் என் கை லுங்கி மடிப்புக்குள் போனது. இப்போது புரிகிறதா?

அந்தக் கட்டையைக் கொடுத்தவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் அங்கேயே வீசியிருப்பேன். அவர் நல்லவர், பிரபு. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர். உன் கிரீஷண்ணாவும் நல்லவராகத்தான் இருப்பார். எனக்கு அதுதான் பயம். எல்லா வேலையிலும் புதிதாக வருகிறவனுக்கு இரண்டு பாடம் நடக்கிறது. ஒன்று ஹாலில் நடக்கும், அதற்குப் பரீட்சை வைத்து மார்க் போடுவார்கள். இன்னொன்று டீ குடிக்கும் இடத்தில் நடக்கும். அதற்கு மார்க் கிடையாது, உட்கார இடம் விடுவார்கள். மார்க்கை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பசித்தவனுக்குச் சோறு மாதிரி, தனியாக நின்றவனுக்கு அந்த இடம். அதை விட்டுக் கொடு என்று உன்னிடம் சொல்வது லேசான பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு நடந்தது ஒரு சாதாரண நாளில். அன்று யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. தங்கராஜ் அண்ணன் பக்கத்து மெஷினில் நின்றுகொண்டு ஒரு ஜோக் சொன்னார். சிரித்தேன். தோள் குலுங்கச் சிரித்தேன். மெஷின் தன் தாளத்தில்தான் இருந்தது. தாளம் தப்பியவன் நான், கை அச்சுக்கு அடியில் நின்றுவிட்டது. உன் ரோபோ புரோகிராம் தப்பாது என்றாய், நம்புகிறேன். என் மெஷினும் அன்று வரை தப்பியதே இல்லை, அன்றும் தப்பவில்லை. உள்ளே போகிறவன் தும்முவான், வழுக்குவான், யாராவது கூப்பிட்டால் திரும்புவான், சிரிப்பான். அதை எந்தப் புரோகிராமில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

அடுத்ததை உன் அம்மாவுக்குக்கூட நான் விவரமாகச் சொன்னதில்லை. நான் கத்தியதும் தங்கராஜ் அண்ணன் ஓடி வந்தார். என் கையைத் துணியால் சுற்றுவதற்கு முன்னால் அவர் கை வேறொரு இடத்துக்குப் போனது. பட்டனிலிருந்து கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் ஷெட்டு முழுக்க எல்லாரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். செய் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது அவர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது. அதைவிடப் பெரிய வேடிக்கை, விசாரிக்க ஆள் வந்தபோது நான் சொன்னது. என்னை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. "கை தவறிடுச்சு சார்" என்று நானே சொன்னேன். எனக்கும் மனப்பாடமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண் கலங்கினார்கள். அவர்கள் அழுதது உண்மை. என் இடத்துக்கு வேறு ஆள் வந்ததும் உண்மை. அவனுக்கும் ஒரு கட்டை செதுக்கியிருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ மறுபடியும் போன் செய்து, "பரவால்லப்பா, தேடாத. கிரீஷண்ணா சனிக்கிழமை வேற ஒண்ணு தர்றேன்னு சொல்லிட்டாரு" என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திருடியது வீண். இந்த நாக்கை எடுத்தால் இன்னொரு நாக்கு வரும். எத்தனை நாக்கை நான் ஒளித்து வைப்பேன்? நீயாக வேண்டாம் என்று சொன்னால்தான் உண்டு. அதனால்தான் சனிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று இதை எழுதுகிறேன். தபாலை நம்பவில்லை. பக்கத்து வீட்டு ஷாலினி தினமும் உன் ரூம் இருக்கும் பக்கம்தான் வேலைக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை நேரில் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் அம்மா முதலில் என்னோடு சண்டை போட்டாள். "இந்த மாசக் கடைசியிலதான் அவன பர்மனென்ட் பண்ணப் போறாங்க. அந்த கிரீஷ் ஒரு வார்த்த குறைச்சு சொன்னா வேலையே போயிடும். அவன் பொழப்புல மண்ணப் போடாதீங்க" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு நுரையில் தட்டு வழுக்கியது, எனக்கு எப்போதும் வழுக்கும். அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் சட்டைப்பையில் இருந்த நாக்கை எடுத்துக்கொண்டு போய் அரிசி டின்னில் போட்டு, முழங்கை வரை கையை விட்டு அடியில் புதைத்துவிட்டு வந்தாள். மிச்சத் தட்டுகளை அவளே கழுவினாள்.

உன்னைச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. மேலே போய்ப் புகார் எழுது என்றும் சொல்லவில்லை. முதல் வருஷத்தில் புகார் எழுதுகிறவனுக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அதை எழுதுவதா வேண்டாமா என்று நீ காலூன்றிய பிறகு முடிவு செய்துகொள். சனிக்கிழமை அவர் நீட்டும்போது ஒன்றே ஒன்று செய். பழியை என் மேல் போடு. "எங்கப்பா ஒரு மாதிரிண்ணா. கை போனதுல இருந்து கிறுக்கு. போன தடவ அவருதான் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டாரு. மறுபடி பாத்தார்னா கம்பெனி கேட்ல வந்து உக்காந்துடுவாரு" என்று சொல். வெறும் பேச்சு இல்லை, நான் வந்து உட்காரத்தான் செய்வேன். பயந்தவன் என்றால் எந்த டீமும் சேர்க்காது. கிறுக்கு அப்பன் உள்ளவன் என்றால் சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளும். எல்லார் வீட்டிலும் ஒரு கிறுக்கு உண்டு. அப்புறம் சட்டம் சிக்கினால் கதவைத் திற, ரோபோ நிற்கட்டும், லைன் நிற்கட்டும், கத்துகிறவர் கத்தட்டும். காது வழியாகப் போகிற எதுவும் விரலைக் கொண்டுபோகாது. உனக்கு கேன்டீனில் மறுபடி இடம் இல்லாமல் போகலாம். போகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பர்மனென்ட் ஆகாமலும் போகலாம். அப்படி ஆனால் வீட்டுக்கு வா. இங்கே ஜோகுபாளையத்தில் உனக்கு ஒரு தட்டு எப்போதும் உண்டு. நம் வீட்டில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட வேண்டியதுகூட இல்லை.

கிரீஷண்ணாவை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா. அம்மா கோழிக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பயப்படாதே, அவருக்கு நான் உபதேசம் செய்ய மாட்டேன். என் கன்னடம் அதற்குப் போதாது. பரிமாறுவது மட்டும் நான். இந்தக் கையால்தான் பரிமாறுவேன். சாப்பிட்டு முடித்ததும் அவருடைய பொருளை அரிசியிலிருந்து எடுத்து, துடைத்து, இதே கையில் வைத்து நீட்டுவேன். வேண்டுமென்றால் அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

கை வலிக்கிறது. மோதிர விரலில் பேனா அழுத்தின இடம் சிவந்துவிட்டது. இவ்வளவு எழுத்தும் நானா எழுதினேன் என்று தாள்களை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். "போதும், பேப்பருக்கே புண்ணு வந்துடும்" என்கிறாள் அம்மா. தங்கராஜ் அண்ணன் அன்று சொன்ன ஜோக் எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. நல்ல ஜோக்தான். இன்னும் ஒரு வாரம் போனால் கை கொஞ்சம் தேறிவிடும், அப்போது உட்கார்ந்து அதை உனக்கு எழுதி அனுப்புகிறேன். அதைப் படித்து நீ தோள் குலுங்கச் சிரிக்கும்போது, உன் கை இரண்டும் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உன் அப்பா